கஷாயம் கொப்பளித்தால் ஈறு வீக்கம் வடியுமா?

பல் டாக்டர் பதில்கள்

போன இதழில் ஈறு பற்றி ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். எல்லோரும் ஏதாவது ஒரு பட்டையை, இலையை, காயைக் காய்ச்சிக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் சிலர் கொப்பளித்துக்கொண்டே நாளைக் கடத்துகிறார்கள். அதுதான் கொஞ்சம் கவலை.

கேள்வி: டாக்டரம்மா, பல் விளக்கித் துப்பினால் நுரையோடு ரத்தமும் வருகிறது. ஈறு வீங்கியிருக்கிறது, காலையில் வாய் நாற்றமும் இருக்கிறது. என் மாமியார் கருவேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் ரத்தம் நின்றது. கொப்பளிப்பதை விட்டதும் திரும்ப வருகிறது. தினமும் கொப்பளித்துக்கொண்டே இருக்கலாமா? இன்னொரு சந்தேகம்: அத்தை வைத்தால் கஷாயம் செக்கச்செவேல் என்று வருகிறது, நான் வைத்தால் மை மாதிரி கறுத்துப்போகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?
ஒரு வாசகி, மேலூர்

பதில்: இரண்டாவது சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரும்புச் சட்டியில் காய்ச்சுகிறீர்கள், சரிதானே? கடுக்காய், வேலம்பட்டை இரண்டிலும் டானின் என்கிற துவர்ப்புச் சத்து ஏராளம். இரும்போடு சேர்ந்தால் அது கறுத்துவிடும். மாசிக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து ஒரு காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ வையுங்கள், அத்தை வைக்கிற நிறம் வந்துவிடும்.

இனி ஈறுக்கு வருவோம். உங்கள் அத்தை கொடுத்தது வெறும் நம்பிக்கை வைத்தியம் இல்லை. துவர்ப்பு, வீங்கிய தசையைச் சுருக்கும், ரத்தக் கசிவைக் குறைக்கும், கிருமிகளையும் ஓரளவு அடக்கும். கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்த திரிபலாக் கஷாயத்தையும், நாங்கள் எழுதிக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் நம் நாட்டிலேயே உண்டு. ஈறு வீக்கத்தை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறைத்தன என்று சொல்பவை அவற்றில் இருக்கின்றன. அதனால் நான் கஷாயத்துக்கு எதிரி இல்லை.

ஆனால் விட்டதும் ஏன் திரும்ப வருகிறது? ரத்தம் வரவைத்தது பல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் அழுக்கு. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பல்லும் ஈறும் சேருகிற விளிம்பில் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படலமாகப் படியும். நாங்கள் பிளாக் என்போம். நகத்தால் சுரண்டினால் வெண்மையாக, மாவு மாதிரி வரும். மேலே தண்ணீரோ கஷாயமோ ஓடினால் அது நனையுமே தவிர கழன்று வராது. பிரஷ் பட்டுத் தேய்த்தால்தான் வரும். தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிவிடும். அதுதான் காரை. நம் பக்கத்து உப்புத் தண்ணீரைக் காய்ச்சிய குண்டானின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அது மாதிரி. அப்புறம் பிரஷ்ஷுக்கும் அசையாது, கஷாயத்துக்கும் கரையாது.

இதை டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரத்துப் பல் மருத்துவர்கள் 1965-இல் சோதித்தே காட்டினார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்குமே ஈறு வீங்கிவிட்டது. திரும்ப ஒழுங்காக விளக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. மருந்து, மாத்திரை எதுவும் கிடையாது. அழுக்கு போனது, வீக்கமும் போனது.

நீங்களே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கீழ் உதட்டை இழுத்துவிடுங்கள். நல்ல ஈறு, ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடிப் புள்ளியோடு இறுக்கமாக இருக்கும், இரண்டு பல்லுக்கு நடுவே கூர்மையாக முடியும். வீங்கிய ஈறில் புள்ளி மறைந்து பளபளவென்று இருக்கும், நடுக்கூர் மழுங்கி உருண்டுவிடும். புத்தகத்தில் ஈறு ரோஸ் நிறம் என்று போட்டிருப்பார்கள். நம்மில் பலருக்கு ஈறு இயற்கையிலேயே பழுப்பு, சிலருக்குக் கறுப்பே. அது நோய் இல்லை, நிறத்தை வைத்துப் பயப்படாதீர்கள். பளபளப்பைப் பாருங்கள். அடுத்து நாக்கு நுனியால் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் நல்லது. சொரசொரவென்று மேடு தட்டினால் காரை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரந்து வரும் வாசல் அங்கேதான் இருக்கிறது, அதனால் காரை முதலில் அங்கே குடியேறும்.

மேடு தட்டினால் ஒரு தடவை கிளீனிங் செய்துவிடுங்கள். கிளினிக்குக்குச் செலவழிக்க முடியாதென்றால் பெரியாஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது. சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று யாராவது சொல்வார்கள். காரை பிடித்து நிறுத்தியிருந்த பல்தான் காரை போனதும் ஆடுவதாகத் தெரியும். ஆட வைத்ததே அந்தக் காரைதான். நாலைந்து நாள் கூச்சம் இருக்கலாம், பிறகு அடங்கிவிடும்.

அதற்குப் பிறகு கஷாயத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதன் பலன் அப்போதுதான் தெரியும். கடுக்காயைக் கொட்டை நீக்கித் தோலை மட்டும் எடுங்கள். கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்று நம் வைத்தியர்கள் சொல்வது தெரிந்ததுதான். கடுக்காய்த் தோலும் வேலம்பட்டையும் ஒன்றிரண்டாக இடித்து வகைக்கு ஒரு டீஸ்பூன், தண்ணீர் இரண்டு டம்ளர், ஒரு டம்ளராகச் சுண்டட்டும். துணியில் வடிகட்டுங்கள். தூள் இருந்தால் ஈறு இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெதுவெதுப்பாக ஒரு வாய் எடுத்து, அரை நிமிஷம் பல் இடுக்கில் அடித்துக் கொப்பளித்துத் துப்புங்கள். காலையும் இரவும், பல் விளக்கிய பிறகு. காலையில் வைத்தது அன்று இரவோடு சரி. நம் வெயிலுக்கு மறுநாள் புளித்து நுரை கட்டும், அதை வாயில் ஊற்ற வேண்டாம். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் செய்துவிட்டு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் செய்தால் பல்லில் டீக்கறை மாதிரி பழுப்பு ஏறும், வாயும் வறளும். நிறுத்தியும் ரத்தம் வராவிட்டால்தான் குணம்.

கேள்வி: 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்றார்கள் முன்னோர்கள். ரிட்டயர்டு ஆன பிறகு பேஸ்ட்டை விட்டுவிட்டு, கண்மாய்க் கரையில் நடக்கும்போது ஒரு வேலங்குச்சி ஒடித்துப் பல் விளக்குகிறேன். அதையே கொதிக்க வைத்துக் கொப்பளிக்கவும் செய்கிறேன். ஈறு எரிகிறது, ஓரம் கிழிந்த மாதிரி இருக்கிறது. பழகப் பழகச் சரியாகுமா?
ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர், மானாமதுரை

பதில்: வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். மானாமதுரைக் கண்மாய்க் கரையில் நின்றது எந்த வேல்? நம் மாவட்டங்களில் கண்மாய், வாய்க்கால், தரிசு எங்கே பார்த்தாலும் பரந்து கிடப்பது சீமைக்கருவேலம். அது தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். அந்தப் பழமொழி சொன்னவர்களின் காலத்தில் அது இங்கே இல்லவே இல்லை. அவர்கள் சொன்னது நாட்டுக் கருவேலத்தை.

பார்த்தாலே தெரிந்துவிடும். கருவேலத்தில் பூ மஞ்சள் பந்து பந்தாக, பொட்டு மாதிரி இருக்கும். காய் மணி கோத்த மாதிரி நடுவில் நெரிந்து நெரிந்து தொங்கும். முள் வெள்ளையாக, நேராக, ஜோடியாக நிற்கும். சீமைக்கருவேலத்தில் பூ விரல் நீளத்துக்குப் பூனைவால் மாதிரி, காய் வெளிர் மஞ்சளில் நீளமாக இருக்கும், ஆடு விரும்பித் தின்னும். உங்கள் ஆட்டுக்கார நண்பர்களைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். சீமைக்கருவேலத்தைக் காய்ச்சிக் கொப்பளிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

சரி, சரியான கருவேலங்குச்சியே கிடைத்தாலும் நுனியை நன்றாக மென்று, நார்நாராகப் பிரிந்த பிறகுதான் பல்லில் வைக்க வேண்டும். மெல்லாத குச்சியைக் குறுக்கே வைத்து இழுத்தால் ஈறு கிழியத்தான் செய்யும். ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் தேயுங்கள். கடைவாயின் உள்பக்கத்துக்குக் குச்சி வளைந்து போகாது, அதற்கு மென்மையான பிரஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த இடம் ஆறும் வரை குச்சியைத் தொடாதீர்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கொப்பளியுங்கள், போதும். செங்கல் பொடி, சாம்பல், அடுப்புக்கரி பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் ஈறு வீக்கத்துக்கு என்று கேட்டதும் ரோஸ் கலரில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகக் கொப்பளிக்கிறேன். ஈறு தேவலை. ஆனால் பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஜிகர்தண்டா குடித்தால்கூட சப்பென்று இருக்கிறது. இதற்குப் பதில் ஹெர்பல் மவுத்வாஷுக்கு மாறலாமா?
கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, ஜிகர்தண்டாவே சப்பென்று ஆகிவிட்டதென்றால் விஷயம் சீரியஸ்தான்! உங்களுக்குக் கொடுத்தது குளோர்ஹெக்சிடினாக இருக்கும், பாட்டிலின் பின்னால் பாருங்கள். ஈறுக்கு இதைவிட நன்றாகச் சோதிக்கப்பட்ட மவுத்வாஷ் இல்லை. மேலே சொன்ன டென்மார்க் சோதனையைச் செய்தவர்களில் ஒருவர் 1970-இல், பல்லே விளக்காதவர்களுக்கு 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடினை நாளுக்கு இரண்டு வேளை கொப்பளிக்கக் கொடுத்துப் பார்த்தார், பிளாக் படியவே இல்லை. ஆனால் இது இரண்டு வாரத்துக்கான மருந்து. நீட்டினால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக்கறை ஏறும், ருசி மழுங்கும். இரண்டும் நிரந்தரமில்லை. கறையைக் கிளீனிங்கில் எடுத்துவிடலாம், மருந்தை நிறுத்தினால் ருசி தானே திரும்பும். அடுத்த முறை டாக்டர் எழுதித் தந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள்: பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சரக்கு இந்த மருந்தைச் செயலிழக்க வைக்கும். பல் விளக்கி அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். கொப்பளித்த கையோடு டீ குடித்தால் கறை இன்னும் ஜோராகப் பிடிக்கும்.

ஹெர்பல் என்று பச்சை இலைப் படம் போட்டிருந்தால் எல்லாம் சாது என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் ஆல்கஹாலும் இருக்கும், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து வாங்குங்கள். வேடிக்கை என்னவென்றால், 'இங்கிலீஷ் மருந்து' என்று நாம் நினைக்கும் கார மவுத்வாஷ் சிலவற்றில் இருக்கும் தைமால், நம் வீட்டு ஓமத்துக்கு வாசம் கொடுக்கும் அதே சரக்குதான். யூகலிப்டஸும் புதினா உப்பும் கூடவே இருக்கும். எது மூலிகை, எது கெமிக்கல் என்று கோடு கிழிப்பது நீங்கள் நினைக்கிற அளவு சுலபமில்லை. இரண்டு மாதம் கொப்பளிக்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று ஒரு பல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். ஈறு வீங்கி, ஓர் இடத்தில் சதை மொட்டு மாதிரி வந்திருக்கிறது, தொட்டால் ரத்தம். 'பிள்ளை பெறும் வரைக்கும் பல்லில் கை வைக்கக் கூடாது, கடுக்காய்க் கஷாயம் கொப்பளி' என்கிறார்கள் அம்மா.
விளாங்குடி வாசகி, மதுரை

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் ஏறுவதால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு பெரிதாக வீங்கும். சதை மொட்டும் சிலருக்கு வரும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும், புற்றுநோய் கிற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு தடவை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பல்லைச் சுத்தம் செய்ய நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை உட்காரவும் வசதி, செய்வதற்கும் நல்ல காலம். நீங்கள் இப்போது சரியாக அந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், தள்ளிப்போட வேண்டாம். நாற்காலியில் உட்காரும்போதே மாதத்தைச் சொல்லிவிடுங்கள். கொப்பளிக்க உப்புத் தண்ணீர் போதும். கடுக்காய் உள்ளே போவது கர்ப்பிணிக்கு ஆகாது என்று நாட்டு வைத்தியத்திலேயே விலக்கு இருக்கிறது, கொப்பளிக்கும்போது தவறி ஒரு மடக்கு விழுங்கினாலும் விழுங்குவீர்கள். அம்மாவிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். காலையில் வாந்தி எடுத்தவுடனே பிரஷ் போடாதீர்கள். வயிற்றுப் புளிப்பில் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: 40 வருஷமாக வெற்றிலை, புகையிலை போடுகிறேன். ஒரு நாள்கூட ஈறில் ரத்தம் வந்ததில்லை. வெற்றிலைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் கீழே மூன்று பல் ஆடுகிறது. கெட்டிப்பட எதைக் கொப்பளிக்கலாம்?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஐயா, கோபிக்காதீர்கள். ரத்தம் வராததற்குக் காரணம் வெற்றிலை இல்லை, புகையிலை. நிகோடின் ஈறில் ஓடும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஈறு கெட்டுப்போனதற்கு முதல் அடையாளம் ரத்தம். அந்த அடையாளமே உங்களுக்கு வராமல் போய்விட்டது. உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கரைந்த எலும்பை வளர்க்கும் கஷாயம் கிடையாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்துவிட்டால், கொப்பளிக்கிற எதுவும் அதன் அடிவரை எட்டாது. சர்க்கரை பார்த்து எத்தனை நாளாயிற்று? சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்படியே கன்னத்தின் உள்பக்கம், புகையிலை ஒதுக்கும் இடத்தைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வாயைத் திறக்க இறுக்கம், இதில் ஒன்று இருந்தாலும் கஷாயம் வேண்டாம், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். புகையிலை கலந்த பல்பொடி வேறு தேய்க்கிறீர்களா? பேஸ்ட்டிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று அரசாங்கம் 1992-லேயே தடை போட்டது.

கேள்வி: அப்பாவுக்கு பி.பி. மாத்திரை கொடுத்ததிலிருந்து ஈறு பல்லின் மேலேயே வளர்ந்து மூடுகிறது. மாசிக்காய் தடவினோம், படிகாரம் கொப்பளித்தோம், கேட்கவில்லை.
வாசகி, வாடிப்பட்டி

பதில்: கேட்காது. அம்லோடிபின், நிபெடிபின் வகை மாத்திரைகள் சிலருக்கு ஈறை வளர்க்கும். வலிப்புக்குக் கொடுக்கும் பினிடாயினும் அப்படித்தான். மாத்திரைச் சீட்டோடு முதலில் பல் டாக்டரிடம் வாருங்கள். பிறகு பி.பி. பார்க்கும் டாக்டரிடம் வேறு மாத்திரை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். படிகாரத்தை விட்டுவிடுங்கள், புளிப்புச் சரக்கு, நாள்பட்டால் பல்லுக்கு நல்லதில்லை.

கேள்வி: ஈறு வலிக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் அந்த இடம் வெள்ளையாகத் தோல் உரிந்துவிட்டது. நல்லெண்ணெய் கொப்பளித்தால் ஆறுமா?
வாசகர், சோழவந்தான்

பதில்: கிராம்புத் தைலத்தில் இருக்கும் யூஜினால் மரத்துப்போகச் செய்யும், அதோடு தசையைச் சுடவும் செய்யும். அது வெந்த புண். சும்மா விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் ஆறும். காரம், புளிப்பு வேண்டாம், உப்புத் தண்ணீர் மட்டும் போதும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் தப்பில்லை, ஆனால் புண்ணுக்கு அது மருந்தும் இல்லை. கொப்பளிக்கும்போது அண்ணாந்து தொண்டையில் உருட்டாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் நிமோனியா மாதிரி வம்பு வரும். ராத்திரி முழுக்கத் தைலம் வைக்கிற அளவு வலி என்றால் ஈறில் சீழ் இருக்கலாம். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே வாருங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு நாலு வயது. ஈறு சிவந்திருக்கிறது. கொய்யா இலை கொதிக்க வைத்துக் கொப்பளிக்கச் சொல்லலாமா?
பாட்டி, அலங்காநல்லூர்

பதில்: வேண்டாம் பாட்டிம்மா. ஆறு வயது வரைக்கும் பிள்ளைகளுக்குச் சரியாகத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். நீங்களே மடியில் சாய்த்துவைத்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரமாக விளக்கிவிடுங்கள். ராத்திரி பால் குடித்த பிறகு இன்னொரு தடவை. அவன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் மென்றுகொண்டுதான் இருப்பான். ஒரு வாரத்தில் சிவப்பு போகாவிட்டால் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.